கட்டடக்கலை படிக்கும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

ஐந்தாண்டுக் கட்டடக்கலைப் பட்டமான பி.ஆர்க். முடித்தால் என்ன வேலை கிடைக்கும் என்ற கேள்வி, கல்லூரிச் சேர்க்கை முடிந்த கையோடு கீழக்கரை, மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்துப் பெற்றோர்களிடமிருந்து ஆண்டுதோறும் என்னிடம் வந்துவிடுகிறது. வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் அந்த வேலைக்கு வேண்டிய பாடத்தில் பாதி, பிள்ளைகள் விடுமுறைக்கு வந்துபோகும் நம் ஊர்ச் சுவர்களிலேயே இருக்கிறது என்றுதான் அவர்களுக்குச் சொல்லி வருகிறேன்.

சட்ட விவரம் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். 1972ஆம் ஆண்டின் ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு பெற்றவர்தான் தம்மை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ள முடியும். ஆகவே கல்லூரிக்கு அந்தக் கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

சேர்ந்துவிட்ட பிள்ளைகளுக்குக் கிடைக்கும் வாய்ப்புகளில் நான் முதலிடம் தருவது, பழைய கட்டடம் ஒன்றை அளந்து வரையும் பயிற்சிக்கு. கட்டடக்கலை மாணவர்களின் அகில இந்திய அமைப்பான நாசா நடத்தும் போட்டிகளில், இத்தகைய ஆவணப்படுத்தலுக்கென்றே அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான் பெயரில் ஒரு கோப்பை இருக்கிறது. நமக்கோ கல்தூண்களுடன் திராவிடப் பாணியில் எழுந்த கீழக்கரைப் பழைய ஜும்ஆ பள்ளிவாசலும், ராமநாதபுரம் அரண்மனையில் சேதுபதி மன்னர்களின் சுவரோவியங்கள் நிறைந்த ராமலிங்க விலாசமும், ராமேஸ்வரம் கோயிலின் நெடும் பிராகாரங்களும் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. அவ்வளவு பெரிதாகப் போக வேண்டும் என்பதும் இல்லை. பாட்டி வீட்டு ஜன்னல் ஓரத்தில் டேப்பை வைத்துச் சுவரின் கனத்தை அளந்து, உதிர்ந்த இடத்தில் பூச்சு எத்தனை அடுக்கு என்று எண்ணி, மச்சின் மரச்சட்டங்களுக்கு இடையிலான இடைவெளியைக் குறித்து வைத்தாலே, ஒரு செமஸ்டர் வகுப்பில் கிடைக்காத தெளிவு கிடைக்கும்.

அப்படி அளக்கும்போது கண்ணில் படும் முக்கியமான சங்கதி ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். சுண்ணாம்புப் பூச்சு, சுவரில் ஏறிய ஈரத்தை வெளியே விட்டுவிடும். உப்பு மேலே பூத்தால் துடைத்துவிட்டு வெள்ளையடித்துக்கொள்ளலாம். அதே சுவருக்கு மராமத்து என்ற பெயரில் சிமெண்ட் பூசினால், ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகி, சில ஆண்டுகளில் பூச்சைப் பாளம் பாளமாகத் தள்ளிவிடுகிறது. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தனுஷ்கோடியில் 1964 புயலுக்குப் பிறகு எஞ்சி நிற்கும் தேவாலயச் சுவர்களைப் போல, இந்தக் கரையில் பவளக்கல்லால் கட்டியவை பல. 2001இல் பவளங்கள் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டதால், பழுதான இடத்துக்குப் புதுக்கல் எடுக்க வழியே இல்லை, எடுக்கவும் கூடாது. அப்படியானால் எதை வைத்துப் பழுது பார்ப்பது? ஐந்தாம் ஆண்டு தீசிஸுக்கு விமான நிலையத்தையும் நட்சத்திர விடுதியையும் தேடி அலைபவர்கள், இந்த ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால் மதிப்பீட்டுக் குழுவான ஜூரியில் உட்காருபவர்களுக்கும் புதிதாக இருக்கும்.

கான்கிரீட்டிலும் இதே கதைதான். கடற்கரைச் சூழலில் வெளிப்பட்டு நிற்கும் கான்கிரீட்டை, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 'கடுமையான' பிரிவில் வைக்கிறது. உப்பு அண்டிக் கம்பி துருப்பிடிக்காமல் இருக்க, அதை மூடும் கான்கிரீட் (கவர்) 45 மில்லிமீட்டரும், குறைந்தது எம் 30 என்ற வலிமைத் தரமும் கேட்கிறது. சைட்டுக்குப் போய்ப் பார்த்தால் அந்த இடைவெளியைக் காக்கும் கவர் பிளாக் இருக்க வேண்டிய இடத்தில் உடைந்த ஜல்லித் துண்டு கம்பியைத் தாங்கிக்கொண்டிருக்கும். பயிற்சி செமஸ்டரைச் சென்னையிலோ பெங்களூரிலோ பெரிய அலுவலகத்தில் கழிப்பறை டைல்ஸ் வரைபடம் போட்டே முடித்து வருபவர்களுக்கு இது தெரிய வாய்ப்பில்லை என்பதால், சைட்டுக்கு அனுப்பும் சிறிய அலுவலகத்தையே நான் பரிந்துரைப்பேன். விடுமுறையில் ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் போன்ற இடங்களில் நடக்கும், மண்ணை அழுத்திக் கல்லாக்கும் மண்கல் பயிற்சிக்கும் போய் வரலாம்.

வேலைக்கு வருவோம். தனியார் அலுவலகத்தில் தொடக்கச் சம்பளம் ஐ.டி.யில் சேர்ந்த பள்ளித் தோழனைவிடக் குறைவாகத்தான் இருக்கும். அதை வீட்டில் முன்பே சொல்லிவிடுவது நல்லது. வளைகுடாவில் உறவினர் உள்ள குடும்பங்கள் துபாயைப் பேசும். போகலாம், ரெவிட் என்ற கட்டட வரைபட மென்பொருள் கற்றிருந்தால் வேலையும் கிடைக்கும். ஆனால் எடுத்த எடுப்பிலேயே போனால், வேறொருவர் வடிவமைத்ததை வரைந்து கொடுப்பதே பல ஆண்டுகளுக்குத் தொழிலாகிவிடும் என்பது என் கருத்து. மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள எஸ்.பி.ஏ. எனும் திட்டமிடல், கட்டடக்கலைக் கல்லூரிகளில் நகரத் திட்டமிடலோ மரபுக் கட்டடப் பாதுகாப்போ படிக்கலாம்.

நம் கரையில் விடுதிகளும் ஹோம்ஸ்டேக்களும் பெருகி வருவதால், கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை வாசிக்கத் தெரிந்தவருக்கும் இங்கே தேவை இருக்கிறது. 2019 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடற்கரையில், 2011 கணக்கெடுப்பில் சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதியானால் கடல் ஏற்றம் எட்டும் எல்லையான உயர் ஓதக் கோட்டிலிருந்து 50 மீட்டர் வரையும், மற்ற இடங்களில் 200 மீட்டர் வரையும் கட்டுமானத் தடை மண்டலம். நிலத்தை வாங்கிவிட்டு வருபவரிடம் இதைச் சொல்வதைவிட, வாங்குவதற்கு முன் சொல்லும் ஆர்க்கிடெக்டுக்கு ஊரில் மதிப்பு அதிகம்.

அடுத்த விடுமுறையில் ராமலிங்க விலாசத்தை அளக்க நினைப்பவர்கள், அது மாநிலத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருப்பதால், உங்கள் கல்லூரித் துறைத்தலைவரின் கையெழுத்துடன் அனுமதி கேட்கும் கடிதத்தைக் கல்லூரி மூடுவதற்கு முன்பே அனுப்பிவிடுங்கள்.