808,500-க்குள் ஒரு வாக்கியம்

மாமாக் கடையில் தருக்கவியலாளர் கோடெலின் பெயர் அடிபட்டால் போதும், தே தாரிக் ஆறுவதற்குள் பேச்சு கடவுள்வரை போய்விடும். அவர் 1931-இல் வெளியிட்ட கட்டுரை அவ்வளவு தூரம் போகவில்லை. எண்கணிதத்துக்கு வகுத்த அடிப்படை விதிகளை இயந்திரம்போல் சரிபார்க்க முடியவேண்டும், கூட்டலும் பெருக்கலும் இருக்கவேண்டும், முரண் இருக்கக்கூடாது. இத்தனையும் கூடினால்தான் முழுமையின்மைத் தேற்றம் செல்லும்: அந்த விதிகளால் நிறுவவும் முடியாத, மறுக்கவும் முடியாத வாக்கியம் ஒன்று இருக்கும். பெருக்கலை எடுத்துவிட்டால் செல்லாது: கூட்டல் மட்டும் உள்ள எண்கணிதம் முழுமையானது என்று பிரெஸ்பர்கர் 1929-லேயே காட்டிவிட்டார்.

சூட்சுமம் எண்ணிடுவதில் தொடங்குகிறது. நம் மலேசிய அடையாள அட்டையான ஐசியின் எண்ணில் முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம் (பினாங்கு 07, கோலாலம்பூர் 14), கடைசி இலக்கம் ஒற்றையென்றால் ஆண். ஆளைப் பார்க்காமலே இவ்வளவு சொல்லலாம். கோடெல் வாக்கியங்களுக்கு எண் கொடுத்தார். அதிலிருந்து ஒரு குறிகூட விடாமல் முழு வாக்கியத்தையும் மீட்கலாம்.

சிறிய அளவில் செய்து பார்ப்போம். 0-க்கு 1, 'அடுத்த எண்' என்பதைக் குறிக்கும் 'தொ'வுக்கு 2, சமக்குறிக்கு 3. 'தொ0=தொ0', அதாவது 1=1, ஐந்து குறிகள். முதல் ஐந்து பகா எண்களின் தலையில் இவற்றை அடுக்காக ஏற்றினால் 2²×3¹×5³×7²×11¹ = 808,500. பகாக் காரணிகளாகப் பிரித்தால் வாக்கியம் திரும்பி வரும். 0-க்கு 0 கொடுத்துவிடாதீர்கள்: 'தொ0'வும் 4, வெறும் 'தொ'வும் 4 என்று ஆகிவிடும்.

நிறுவல் என்பது வாக்கிய வரிசைதானே, அதற்கும் எண் உண்டு. ஆக 'இந்த எண் அந்த எண்ணுக்கு நிறுவல்' என்பதே எண்கணிதக் கூற்றாகிவிடுகிறது. எண்கணிதத்துக்கு வழக்கமாக வைக்கும் விதித்தொகுப்பான பியானோ எண்கணிதத்தில் அடுக்குக்குக் குறி கிடையாது; அந்த இடைவெளியைச் சீன மீதித் தேற்றத்தை (பல எண்களால் வகுத்தால் வரும் மீதிகளிலிருந்து ஓர் எண்ணைக் கண்டெடுக்கும் வழி) கொண்டு கோடெல் அடைத்தார். கட்டுரையில் அழகான மூலை என்றால் எனக்கு அதுதான்.

அடுத்து, தன்னைப் பற்றியே பேசும் வாக்கியம். அதன் எண்ணை அதற்குள்ளேயே எழுதிவிடலாம் என்று பலர் நினைப்பார்கள், நடக்காது. 808,500-ஐ எழுத 808,500 'தொ' வேண்டும். அத்தனை குறி கொண்ட வாக்கியத்தின் எண் 808,500-ஐ எங்கோ தாண்டியிருக்கும். ஆகவே சுற்றுவழி: 'எண் ய உள்ள சூத்திரத்தின் மாறியில் ய-ஐயே இட்டால் வரும் வாக்கியத்துக்கு நிறுவல் இல்லை.' இதுவும் ஒரு சூத்திரம். இதன் எண் ம என்று வைப்போம். ய இருக்கும் இடத்தில் ம-ஐ இடுங்கள். 'எண் ம உள்ள சூத்திரத்தில் ம-ஐ இட்டால் வருவதற்கு நிறுவல் இல்லை' என்று வரும். அப்படி இட்டால் வருவது எது? இதே வாக்கியம்.

இதற்கு நிறுவல் இருந்தால், அந்த நிறுவலைச் சரிபார்த்து 'நிறுவல் உண்டு' என்றும் பியானோ விதிகளே நிறுவிவிடும், முரண். மறுப்பை நிறுவ முடியாது என்பதற்குக் கோடெலுக்குக் கூடுதல் நிபந்தனை ஒன்று தேவைப்பட்டது. ராசர் 1936-இல் வாக்கியத்தைச் சற்றே மாற்றி, முரணின்மை மட்டும் போதும் என்றாக்கினார்.

விதிகளில் முரண் இல்லையென்றால் நிறுவல் இல்லை, வாக்கியம் சொல்வதும் அதைத்தான், எனவே உண்மை. ஆனால் எங்கே உண்மை? 0, 1, 2 என்று நாம் எண்ணும் எண்களில். இந்த 'எங்கே'யை விட்டுவிட்டால் கோடெலே 1929-இல் நிறுவிய முழுமைத் தேற்றத்தோடு இது மோதுவதுபோல் தோன்றும். விதிகளுக்குப் பொருந்தும் எல்லா அமைப்புகளிலும் உண்மையானதற்கு நிறுவல் உண்டு என்பது அந்தத் தேற்றம். நம் வாக்கியமோ சில அமைப்புகளில் பொய். அதன் மறுப்பைப் புதிய விதியாகச் சேர்த்தாலும் முரண் வராது. 'நிறுவல் எண்' ஒன்று உள்ள அமைப்பு கிடைக்கும். 0-இலிருந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனால் அந்த எண்ணை ஒருநாளும் எட்ட முடியாது.