வேலி ஃபோர்ஜ்: தங்கியது சரி, தங்கிய விதம்தான் தவறு

அமெரிக்கப் புரட்சி என்றதும் பனியில் வெறுங்காலோடு நடக்கும் வீரர்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். 1777-78 குளிர்காலத்தில் பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் பாசறையில் அவ்வளவு துன்பத்தையும் அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் வாஷிங்டனின் படை பொறுத்துக்கொண்டிருக்க வேண்டுமா என்ற விவாதமும் ஓய்ந்தபாடில்லை. வேலி ஃபோர்ஜில் தங்கியது சரியா, அப்படித் தங்கியது சரியா என்று இதை இரண்டாகப் பிரித்துக் கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

முதல் கேள்வி எளிது. 1777 செப்டம்பரில் தளபதி ஹோவின் பிரிட்டிஷ் படை, புரட்சியாளர்களின் தலைநகரான பிலடெல்பியாவைப் பிடித்துவிட்டது. அரண் கட்டி உட்கார்ந்திருந்தவர்களைக் குளிர்காலத்தில் போய்த் தாக்குவது தற்கொலை. லான்காஸ்டர், ரெடிங் பக்கம் பின்வாங்கினால் சுற்றுவட்டாரத்துத் தானியமும் கால்நடையும் எதிரிக்குப் போகும். வேலி ஃபோர்ஜோ பிலடெல்பியாவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான். மேட்டு நிலம், ஒரு பக்கம் ஸ்கூல்கில் ஆறு, வெட்ட மரம். படை களத்தைவிட்டுப் பாசறைக்குப் போகிறதே என்று பென்சில்வேனிய அரசு முறையிட்டது. கணப்பருகே உட்கார்ந்து கண்டனம் எழுதுவது சுலபம் என்ற பொருளில் டிசம்பர் 23 அன்று காங்கிரஸுக்கு, அதாவது புரட்சியாளர்களின் பேரவைக்கு, எழுதினார் வாஷிங்டன். காலணியும் உடையும் இல்லாமல் 2,898 பேர் பணிக்கு உதவாமல் கிடக்கிறார்கள் என்ற கணக்கும் அதே கடிதத்தில் இருக்கிறது.

இனி, தங்கிய விதம். குடிசைக்கு வாஷிங்டன் கொடுத்த அளவு 14க்கு 16 அடி, பக்கச்சுவர் ஆறரை அடி. சுவர் மரக்கட்டையால்; இடுக்குகளில் களிமண் பூச்சு. பின்புறம் மரத்தாலான கணப்பு, உள்ளே 18 அங்குலக் களிமண் கனம். ஒரு குடிசைக்கு 12 பேர். கணக்குப் போட்டால் ஆளுக்கு 19 சதுர அடிகூட இல்லை! ஒவ்வொரு படைப்பிரிவிலும் முதலில், ஒழுங்காக முடிக்கும் குழுவுக்கு 12 டாலர் பரிசு. கூரைக்குப் பலகைதான் பெரிய தட்டுப்பாடு; மலிவான மாற்று சொல்பவருக்கு 100 டாலர் அறிவித்தார்கள். காற்றுக்குப் பயந்து சிலர் தரையைத் தோண்டி இறக்கிக் கட்டினார்கள். உள்ளே வெப்பம் நின்றது, ஈரமும் நின்றது. மாற்றாத வைக்கோல், பேன், புகை, பக்கத்தில் படுத்தவனின் இருமல்: நோய்க்கு வேறென்ன வேண்டும்?

உணவில்லாததற்கு நாடு வறண்டதல்ல காரணம். படைக்கு வண்டி, தளவாடம் ஏற்பாடு செய்யும் தளவாடத் தலைவர் மிஃப்லின் நவம்பரிலேயே பதவி விலகியிருந்தார். பொறுப்பான ஆள் இல்லை, வண்டி இல்லை, சாலையெல்லாம் சேறு. பிப்ரவரி நடுவில் இறைச்சி அடியோடு நின்றது. மாவையும் தண்ணீரையும் பிசைந்து நெருப்பில் சுட்டதே சாப்பாடு. தீவனமின்றிச் செத்த நூற்றுக்கணக்கான குதிரைகள் புதைக்கப்படாமல் கிடந்தன. மார்ச்சில் தளபதி நத்தானியேல் கிரீன் தளவாடப் பொறுப்பை ஏற்றதும் நிலைமை தேறியது. அதே நாடு, அதே சாலைகள்தான்.

இறந்தவர்கள் கிட்டத்தட்ட 2,000 பேர். பெரும்பாலோர் மாண்டது கடுங்குளிரில் அல்ல. மார்ச் முதல் மே வரை, வெயில் ஏறிய மாதங்களில். டைஃபஸ், டைஃபாய்டு, வயிற்றுக்கடுப்பு. சமையலிடம் ஒரு பக்கம், கழிப்பிடம் எதிர்ப்பக்கச் சரிவில் என்ற ஒழுங்கை பிப்ரவரி இறுதியில் வந்த பிரஷ்யப் படைப் பயிற்சியாளர் ஸ்டூபென்தான் வலியுறுத்தினார். மே மாதம் சுவரிடுக்குக் களிமண்ணைப் பெயர்த்துக் காற்றோட்டம் விடச் சொல்லி உத்தரவு வந்தது. பெரியம்மைக்கு மட்டும் முன்யோசனை இருந்தது: ஆயிரக்கணக்கானவர்களுக்கு அம்மைப்பால் குத்தினார்கள்.

இதெல்லாம் தவிர்க்க முடியாதது என்பவர்கள் அதே படை 1779-80 குளிர்காலத்தில் தங்கிய நியூ ஜெர்சியின் மோரிஸ்டவுன் பாசறையைப் பார்க்கட்டும். வேலி ஃபோர்ஜின் குளிர் சாதாரணம்தான்; மோரிஸ்டவுனில் 28 முறை பனி கொட்டியது. பசி அங்கேயும் குறைவில்லை, படையும் ஏறக்குறைய அதே அளவு. இறந்தவர்கள் சுமார் 100 பேர்.