சல்லடைக்கு மேலே நின்ற கற்கள்

சில ஆண்டுகளுக்கு முன் உதகைக்கு மேற்கே, ஏறக்குறைய 2200 மீட்டர் உயரத்தில், நண்பர் குடும்பத்துக்குச் சொந்தமான ஒரு புல்மேட்டிலிருந்து மண் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். வந்த முடிவை வைத்துக்கொண்டு, அந்தச் சரிவில் ஹெக்டேருக்கு எத்தனை டன் கரிமம் (கார்பன்) இருக்கும் என்று கணக்குப் போட்டு, நண்பருக்குப் பெருமையாக எழுதியும் விட்டேன். கணக்கு தப்பு. சோதனையில் குறை ஒன்றும் இல்லை. மண்ணை 2 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்து, கீழே விழுந்ததை மட்டுமே சோதிப்பது எங்கும் உள்ள வழக்கம். மேலே நின்ற கற்களைக் கணக்கில் சேர்க்க வேண்டியவன் நான். அவற்றை அந்த மேட்டிலேயே எறிந்துவிட்டு வந்திருந்தேன்.

அடுத்த கோடையில் அதே இடத்துக்குக் கடப்பாரையும் வாளியும் கொண்டு போனேன். புல்லை வேரோடு பாளமாக வெட்டி ஓரமாக வைத்துவிட்டு, முக்கால் முழ அகலத்தில் ஒரு குழி தோண்டினேன். மேல் மண் கறுப்பு. கையில் எடுத்தால் அளவுக்கேற்ற கனம் இல்லாமல், ஊறிய தேயிலைத்தூள் போல் பொதபொதவென்று இருக்கும். சற்று இறங்கியதும் கடப்பாரை ‘ணங்’ என்றது. அதன் பிறகு மண்ணைத் தோண்டினேன் என்பதைவிடக் கற்களைப் பிடுங்கினேன் என்பதே பொருந்தும். தேங்காய் அளவு, மாங்காய் அளவு, ஒன்றிரண்டு பூசணி அளவு. குழிக்குள் பிளாஸ்டிக் தாளை விரித்து நீர் ஊற்றினேன். 26 லிட்டர் பிடித்தது. கற்களைத் துடைத்து, நிறைந்த வாளியில் ஒவ்வொன்றாக அமிழ்த்தி, வழிந்த நீரை அளந்தேன், 10 லிட்டர். அதாவது, நான் மண் என்று நினைத்துக்கொண்டிருந்ததில் ஏறக்குறைய 38 சதவீதம் கல்.

மண்ணியலில் இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் வகைப்பாட்டில் 2 முதல் 75 மில்லிமீட்டர் வரை சரளை, 75 முதல் 250 வரை உருளைக்கல், 600 வரை பெருங்கல், அதற்கு மேல் பாறை. கனஅளவில் கல் 15 சதவீதத்தைத் தாண்டினால் மண்ணின் பெயரோடு கல்லின் பெயரும் சேர்ந்துகொள்ளும். 35ஐத் தாண்டினால் ‘மிகு’ என்ற அடைமொழியும் சேரும். எங்கள் புல்மேடு அந்த மிகுகல் வகையில் விழுந்தது.

இக்கற்கள் ஆற்றில் உருண்டு வழவழப்பானவை அல்ல. நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழமை உடையது. சென்னைப் பரங்கிமலைப் பக்கம் கிடைக்கும் அதே கல்லினம்தான். கொல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறையில் பதித்த கல்லைக் கொண்டு இப்பெயர் வந்தது. (ஒரு மலைத்தொடருக்கே அடித்தளமான பாறைக்குக் கல்லறைப் பலகையிலிருந்து பெயர் கிடைத்தது எனக்கு இன்னும் விந்தையாகத்தான் இருக்கிறது.) இப்பாறையின் வெடிப்புகள் வழியே நீர் இறங்கி, மூலைகளை முதலில் தின்று, உள்ளே உருண்டையான கருவை விட்டுவைக்கிறது. குழியிலிருந்து எடுத்த கல் ஒன்றைச் சுத்தியலால் தட்டியபோது வெங்காயச் சருகு போல் செம்மஞ்சள் தோல் இரண்டு மூன்று அடுக்காக உரிந்து விழுந்தது. நடுவில் எண்ணெய் பூசினாற்போன்ற கரும்பச்சைக் கரு இருந்தது. உரிந்த தோல் விரலிடையில் நசுங்கி மண்ணாகியது. சலித்துப் பார்க்கும்போது கல் வேறு, மண் வேறு என்று தெரிவது, குழிக்குள் ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்துகொண்டிருக்கும் நிலையாகத் தெரிந்தது.

எல்லாச் சரிவிலும் இப்படி இராது. முகட்டிலும் புடைத்த சரிவிலும் மண் ஆழம் குறைவு, கல் மிகுதி. அங்கே புல் நிற்கிறது. மடிப்புகளில் மண் ஆழமாகச் சேர்கிறது. சோலைக்காடு பெரும்பாலும் அங்கேதான். அடிப்பள்ளத்தில் நீர் தேங்கிச் சதுப்பாகிறது. ஆனால் சோலைக்கும் புல்வெளிக்கும் இடையிலான எல்லையை மண்ணின் ஆழம் மட்டும் தீர்மானிப்பதாகச் சொல்லிவிட முடியாது. உறைபனி மரக்கன்றுகளைக் கொல்வதே காரணம் என்று வனத்துறை அதிகாரி சி. ஆர். ரங்கநாதன் 1938இலேயே எழுதினார். தீயையும் மேய்ச்சலையும் காரணமாகச் சொல்வோரும் இருக்கிறார்கள்.

கல் மிகுந்த மண்ணில் முதலில் அடிபடுவது நீர்க் கணக்கு. 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஒரு சதுர மீட்டரில் 300 லிட்டர் கனஅளவு இருக்கிறது. நுண்மண் (சல்லடையில் கீழே விழும் மண்) தன் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கு நீரைப் புல்லுக்குத் தரும் என்று வைத்துக்கொண்டால், கல்லில்லாத மண்ணில் 60 லிட்டர் கிடைக்கும். 38 சதவீதம் கல் இருந்தால் 37 லிட்டர்தான். நாளுக்கு 3 லிட்டர் செலவானால், மழை நின்ற பின் 20 நாள் தாங்க வேண்டியது 12 நாளில் தீரும். இதற்கு மறுபக்கமும் உண்டு. பெய்த மழை முழுவதும் கற்களுக்கு இடையிலுள்ள குறைந்த மண்ணுக்கே போவதால், அதே மழை இங்கே கூடுதல் ஆழத்துக்கு இறங்குகிறது. மேற்பரப்புக் கற்கள் துளிகளின் அடியைத் தாங்குகின்றன, ஆவியாதலையும் தடுக்கின்றன. பிடுங்கிய கற்கள் பலவற்றின் அடிப்புறத்தில், மேலே புல் காய்ந்துகிடந்த அந்த மாதத்திலும், நீர் மினுக்கு இருந்தது. வெண்மையான நுனிகளோடு வேர்கள் அந்த அடிப்புறத்தை உறி போல் பின்னியிருந்தன.

இப்போது என் பழைய தப்புக்கு வருகிறேன். இந்த உயரத்து நீலகிரி மண்ணில் மட்கு (மக்கிய தாவரப் பொருள், கரிமம் இருப்பது இதில்தான்), அலுமினியத்தோடும் இரும்போடும் பிணைந்து, எளிதில் சிதையாமல் நிற்கிறது. அந்த அமில மண்ணின் அதே உலோகங்கள்தான் பாஸ்பரஸையும் பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்குத் தராமல் வஞ்சிக்கின்றன. நுண்மண்ணில் கரிமம் 5 சதவீதம், ஒரு லிட்டர் நுண்மண்ணின் எடை 0.9 கிலோ என்று கொண்டால், அதே 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, கல்லை மறந்தவன் கணக்கில் ஹெக்டேருக்கு 135 டன் வரும். கல்லைக் கழித்தால் 84 டன்கூட வராது. மலைப் புல்வெளிகளின் கரிமத்தைப் பற்றி யார் எண் சொன்னாலும், கல்லைக் கழித்தீர்களா என்றுதான் இப்போதெல்லாம் முதலில் கேட்கிறேன்.

இதற்காகக் கல்லைப் பகையாக நினைக்க வேண்டியதில்லை. புல்மேட்டுக்குக் கீழே நண்பரின் கேரட் பாத்திகள் இருக்கின்றன. அங்கே கல்லைப் பொறுக்கிப் பொறுக்கி வரப்போரம் கட்டுச்சுவராக அடுக்கியிருக்கிறார்கள். பயிருக்கு அது சரிதான். நான் போன அன்று அறுவடை செய்துகொண்டிருந்த அம்மா ஒருவர், இரண்டாகப் பிளந்த கேரட்டைத் தூக்கிக் காட்டி, “கல்லு தடுத்தா இதுக்குக் காலு மொளைச்சிரும் சார்” என்றார். வேர்க்காய்க்குத் தடையான கல், புல்லின் நூல்வேருக்குத் தடையாவதில்லை, வேர் கல்லைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறது.

என் கவலை புல்வெளியில் பரவிய சீகை (வாட்டில்) மரங்களை அகற்றும் முறையைப் பற்றியது. அந்நிய மரங்களை எடுத்துப் புல்வெளியை மீட்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் இயந்திரத்தை விட்டு வேரோடு பெயர்த்தால், அடிக்கற்கள் மேலே வந்து, கறுப்பு மண் வெயிலில் கிடந்து காய்கிறது. இவ்வகை மட்கு மண் முற்றிலும் காய்ந்துவிட்டால், பின்னர் நனைந்தாலும் பழைய அளவு நீரைத் திரும்பப் பிடிப்பதில்லை. அடுத்த மழையில் சரிவு ஓடையாகிவிடும். மரத்தைத் தரைமட்டத்தில் அறுத்துவிட்டு வேரை மண்ணிலேயே மக்கவிடுவது, முளைக்கும் கன்றுகளைப் பல ஆண்டு கையால் பிடுங்கும் வேலையைத் தரும் என்றாலும், கல் நிறைந்த சரிவுகளுக்கு அதுவே ஏற்றது என்பது என் கருத்து.

குழியை மூடும்போது எடுத்த வரிசைக்குத் தலைகீழாகத் திருப்பிப் போட்டேன்: பூசணிக் கற்கள் அடியில், அவற்றின் இடுக்கில் செம்மண், பிறகு சிறு கற்களும் கறுப்பு மண்ணும், மேலே புல் பாளம். எடுத்தது எதையும் மிச்சம் வைக்கவில்லை. இருந்தும் பாளம் சுற்றுப்புறத்தைவிட இரண்டு விரல் தாழ்ந்தே நின்றது. வேர்களும் புழுக்களும் கற்களின் இடையே குடைந்துவைத்திருந்த காற்று இடைவெளி, நான் மிதித்த மிதியில் போயிருந்தது.