இரண்டு மேற்பார்வையாளர், ஒரே ஒரு கையெழுத்துக் கோடு

போன வாரம்தான் ஆய்வேட்டைப் பைண்டிங் செய்து கொடுத்துவிட்டு வந்தேன். நிம்மதி பாதி, எரிச்சல் பாதி. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும், ஏனென்றால் கோலாலம்பூரில் சுற்றுச்சூழல் படித்துக்கொண்டு, இறுதியாண்டு ஆய்வை இரண்டு துறைகளுக்கு நடுவில் செய்யலாமா என்று யோசிக்கிற தம்பி தங்கைகள் இருப்பீர்கள். தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் நான் தொலைத்த ஆறு வாரத்தை நீங்களும் தொலைக்க வேண்டாம். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கே தேவையில்லை.

என் தலைப்பு கோம்பாக் ஆறு. தண்ணீரின் தரம் ஒரு பாதி, செந்தூல் பக்கம் ஆற்றை ஒட்டி வாழும் தமிழ்க் குடும்பங்கள் அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பது மறுபாதி. அறிவியல் புலத்தில் ஒரு டாக்டரும் சமூக அறிவியல் புலத்தில் ஒரு டாக்டரும் மேற்பார்வையாளர்களாக ஒத்துக்கொண்டார்கள். தலைப்புக்கு அனுமதி இரண்டே நாளில் கிடைத்தது.

அப்புறம்தான் ஆரம்பித்தது. பதிவுப் பாரத்தில் மேற்பார்வையாளர் கையெழுத்துக்கு ஒரே ஒரு கோடு. இரண்டு பேர் கையெழுத்தையும் அதிலேயே வாங்கிக்கொண்டு போனேன். முகப்பில் இருந்த கிராணி பார்த்துவிட்டு "தாக் போலே" என்றார், அவ்வளவுதான். ஏன் முடியாது, யாரைக் கேட்க வேண்டும், எதுவும் இல்லை. அடுத்த புலத்துக்குப் போனால், நீ எங்கள் மாணவி இல்லை, உன் புலத்திலேயே கேள் என்றார்கள். மூன்று முறை அங்கும் இங்கும் நடந்தேன். கடைசியில் சமூக அறிவியல் புலத்தில் ஒரு அக்கா உட்கார வைத்துச் சொன்னார்: "பாரத்துல ஒருத்தர் பேர் மட்டும் போடும்மா. ரெண்டாவது ஆள இணை மேற்பார்வையாளர்னு ஒரு மெமோ எழுதச் சொல்லி, அதப் பின்னால இணைச்சுடு." அன்று மாலையே வேலை முடிந்தது. கணினியில் ஒரு மாணவருக்கு ஒரு துறைக் குறியீடுதான் ஏறுமாம், பிரச்சினை அவ்வளவுதான். முதல் நாளே யாராவது சொல்லியிருக்கலாம்.

இதைவிடப் பெரிய அடி நெறிமுறைக் குழுவிடம் விழுந்தது. அறிவியல் புலத்தில் நாங்கள் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுக்குப் போய்ப் பழகியவர்கள். தண்ணீரிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. மனிதர்களிடம் பேட்டி எடுக்கும் முன் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் எழுத்தில் வேண்டும் என்பது என் பக்கத்து விரிவுரையாளர்கள் யாருக்கும் தோன்றவில்லை. சமூகவியல் டாக்டரோ, இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று இருந்துவிட்டார். நான் அதற்குள் பதினொரு பேட்டிகளை முடித்துவிட்டேன். ஒன்றையும் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள், பின்தேதியிட்டு ஒப்புதல் தரும் வழக்கமே கிடையாது. பதினொரு வீடு, எல்லா வீட்டிலும் மைலோவோ தேநீரோ கலந்து கொடுத்து, நேரம் ஒதுக்கிப் பேசியவர்கள். அன்றைக்கு எல்ஆர்டியில் அழுதுகொண்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

ஒப்புதல் வர நான்கு வாரம். மறுபடியும் போனபோது இன்னொரு சிக்கல், சம்மதப் பாரம் ஆங்கிலத்தில் இருந்தது. ஒரு பாட்டி அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீழே இருந்த கோட்டில் விரலை வைத்து, "இதுல கையெழுத்து போட்டா வீட்ட காலி பண்ணச் சொல்லுவாங்களாம்மா?" என்றார். புறம்போக்கு நிலத்தில் வீடு கட்டி வாழ்ந்து, ஒரு முறை பெயர்க்கப்பட்டு அடுக்குமாடிக்கு வந்தவர். காகிதம் என்றால் அவருக்கு வேறு அர்த்தம். அன்று கையெழுத்து கேட்காமல் திரும்பிவிட்டேன். பாரத்தைத் தமிழில் எழுதி, வாய்மொழிச் சம்மதமும் செல்லும் என்று குழுவிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் மறுபடி போனேன். முதல் விண்ணப்பத்திலேயே மொழிபெயர்ப்பைச் சேர்த்திருந்தால் பத்து நாள் மிச்சம்.

ஆய்வகத்தில் கவனிக்க வேண்டியது பிஓடி சோதனை, அதாவது தண்ணீரில் உள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று பார்ப்பது. மாதிரியை 20 டிகிரியில் இருட்டில் 5 நாள் வைத்துப் படிக்க வேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் நாள்காட்டியைப் பார்த்தீர்களா? செவ்வாய்க்கிழமை வைத்தால் ஐந்தாம் நாள் ஞாயிறு, ஆய்வகம் பூட்டு. என் முதல் தொகுதி முழுவதும் இப்படித்தான் வீணானது. புதன், வியாழன், வெள்ளியில் மட்டும் வையுங்கள். அந்த வாரம் பொது விடுமுறை உண்டா என்றும் பாருங்கள்.

இடத்தையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோம்பாக் ஆறு சிலாங்கூரில் தொடங்கிக் கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்துக்குள் வருகிறது. நம் நாட்டில் ஆறும் நிலமும் மாநிலத்தின் கையில், மாசு விஷயம் 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் கூட்டரசுத் துறையிடம். மேல்புறத்தில் இருந்த என் மாதிரி இடத்துக்கு லுவாஸ் (சிலாங்கூர் மாநில நீர் நிர்வாக வாரியம்), கீழ்ப்புறத்துக்கு வேறு அலுவலகம். பல்கலைக்கழகம் கேட்ட அனுமதிக் கடிதத்துக்காகத் தவறான அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் காத்திருந்த பிறகுதான் ஒருவர் வரைபடத்தைப் பார்த்து, இந்த இடம் எல்லைக்கு அந்தப் பக்கம் என்றார். கூகள் வரைபடத்தில் மாநில எல்லைக் கோடு தெரியும். அதைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் செய்யுங்கள் என்கிறேன்? அதே பாட்டிதான் காரணம். நாற்றம் எப்போது அதிகம் என்று கேட்டதற்கு, "விடியக்காலைல வந்து பாரு, நீ பத்து மணிக்கு வந்து என்னத்த மோந்து பாப்ப" என்றார். உண்மைதான், வேன் கிடைக்கும் நேரத்தை வைத்து நாங்கள் பத்து பதினொரு மணிக்குத்தான் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தோம். ஒரு சனிக்கிழமை ஆறரைக்கு மீட்டரை எடுத்துக்கொண்டு நானே போனேன். கரைந்த ஆக்சிஜன் எங்கள் பழைய அளவுகளைவிடத் தெளிவாகக் குறைவு. இரவில் ஒளிச்சேர்க்கை நடக்காது, பாசியும் நுண்ணுயிர்களும் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டே இருக்கும், வெயில் ஏறினால்தான் கொஞ்சம் மீளும். இது முதலாண்டிலேயே படித்த பாடம். ஆனால் எங்கள் அட்டவணையில் அந்த விடியற்காலை இல்லவே இல்லை.

இன்னொரு கேள்வி சமூகவியல் டாக்டர் கேட்டது. ஆற்றின் தரத்தை ஒரே எண்ணில் சொல்லும் நீர்த் தரக் குறியீட்டில் ஆறு அளவுகோல்கள், கரைந்த ஆக்சிஜனுக்கு 0.22 எடை, பிஎச் அளவுக்கு 0.12. "இந்த 0.22-ஐ யார் முடிவு செய்தது?" என்றார். நான் மூன்று வருடமாகப் போட்டுக்கொண்டிருந்த சூத்திரம், ஒருமுறைகூட அப்படி யோசித்ததில்லை. தேடிப் பார்த்தால், நிபுணர் குழு ஒன்றின் கருத்தைக் கேட்டு வைத்த எடைகள். அதில் தவறில்லை. ஆனால் கரையில் குடியிருப்பவர்களுக்கு முதல் கவலை நாற்றம், அதற்கென்று அந்த ஆறு அளவுகோல்களில் ஓர் இடம் இல்லை. என் நான்காம் அத்தியாயம் முழுக்க இதைப் பற்றித்தான். வாய்மொழித் தேர்வில் அதிகம் கேள்வி வந்ததும் இதில்தான், வேதியியல் பேராசிரியர் ஒருவர் இருபது நிமிடம் விடவே இல்லை, எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

சம்மதப் பாரத்தின் தமிழ்ப் பிரதி என்னிடம் இருக்கிறது, எளிய தமிழில் ஒரே பக்கம். வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். ஆனால் அதை உங்கள் குழுவிடம் காட்டி ஒப்புதல் வாங்கிய பிறகே யாருடைய கதவையும் தட்டுங்கள்.