முக்திநாத்: நூற்றெட்டுத் தாரையும் நீரோரத்துச் சுடரும்

‘அக்னிர்வா அபாமாயதனம்’ என்று மந்திர புஷ்பத்தில் ஒரு வரி வரும். அடுத்த மூச்சிலேயே ‘ஆபோ வா அக்னேராயதனம்’ என்று திருப்பிப் போடுவார்கள். நீருக்கு நெருப்பு இருப்பிடம், நெருப்புக்கு நீர் இருப்பிடம். பூஜை முடிவில் கையில் பூவோடு நின்று எத்தனையோ முறை கேட்ட வரிதான். அதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் நேபாளத்தின் முஸ்தாங் மாவட்டத்தில், தோரோங் கணவாய்க்குக் கீழே, சுமார் 3,710 மீட்டர் உயரத்தில் இருக்கும் முக்திநாத்துக்குப் போக வேண்டும்.

ஆழ்வார்கள் பாடிய 108 திவ்ய தேசங்களில் சாளக்கிராமம் என்று நம்மவர்கள் பெரும்பாலும் சேவிப்பது இந்தத் தலத்தைத்தான். இன்னும் மேலே இருக்கும் தாமோதர குண்டமே ஆழ்வார் பாடிய இடம் என்று சொல்பவர்களும் உண்டு. திருமங்கையாழ்வார் ‘சாளக்கிராமம் அடை நெஞ்சே’ என்று நெஞ்சை விரட்டுகிறார். பெரியாழ்வார் பாடியது வேறு மாதிரி. பாலைக் கறந்து அடுப்பில் ஏற்றிவிட்டு, ‘மேலை அகத்தே நெருப்பு வேண்டிச் சென்று’ கொஞ்சம் பேசி நின்றுவிட்டாளாம் ஓர் ஆய்ச்சி. அதற்குள் ‘சாளக்கிராமமுடைய நம்பி’ பாலைச் சாய்த்துக் குடித்துவிட்டான் என்று யசோதையிடம் புகார். விறகே இல்லாமல் நெருப்பு எரிகிற ஊரின் பெருமாளை, நெருப்பு இரவல் வாங்கப் போனவள் வீட்டில் ஆழ்வார் கொண்டுவந்து நிறுத்தியது தற்செயலாகவே இருக்கட்டும். அந்த நெருப்பு இருக்கும் ஜ்வாலா மாயி சன்னிதியில் நிற்கும்போது அந்தப் பாசுரம் நினைவுக்கு வராமல் இருக்காது.

பயணத்தில் முதலில் கவனிக்க வேண்டியது உயரம். பொக்காரா 800 மீட்டர் சொச்சம், ஜோம்சோம் 2,700, முக்திநாத் 3,700. இங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயு கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. காலையில் பொக்காராவில் விமானம் ஏறி, இருபது நிமிடத்தில் ஜோம்சோமில் இறங்கி, அன்றே ஜீப்பில் கோயிலுக்கு ஏறி, பனிநீரில் தலையைக் கொடுப்பதுதான் பல பயண ஏற்பாட்டாளர்களின் திட்டம். தலைவலி, குமட்டல், தள்ளாட்டம் எல்லாம் அதன் பலன். ஜோம்சோமிலோ மார்ஃபாவிலோ ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலையில் ஏறினால் பாதித் தொல்லை குறையும். இந்த உயரத் தொல்லைக்கான அசெட்டசோலமைடு மாத்திரையை ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். நடை தள்ளாடினாலோ பேச்சு குழறினாலோ மாத்திரையை நம்பி உட்காராதீர்கள், உடனே கீழே இறங்குங்கள்.

காலி கண்டகி ஆற்றுப் பள்ளத்தாக்கில் முற்பகலுக்குமேல் காற்று பலமாக வீசத் தொடங்கும். அதனால் விமானங்கள் காலையில் மட்டுமே பறக்கும், அதுவும் அடிக்கடி ரத்தாகும். கைவசம் ஒரு நாள் உபரியாக இல்லாமல் திரும்பும் டிக்கெட் போடாதீர்கள். பேனி, தாத்தோபானி வழியாகச் சாலையிலும் வரலாம். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் மண் சரியும்.

ஜீப் ராணிபௌவாவோடு நின்றுவிடும். அங்கிருந்து கோயிலுக்கு அரை மணி நேர ஏற்றம், கடைசியில் படிகள். முட்டி வலிக்காரர்களுக்குக் குதிரை கிடைக்கும்.

பெருமாள் சன்னிதி பகோடா பாணியில் சிறியதுதான். அதன் பின்புறம் அரைவட்டமாகக் கற்சுவர், சுவரில் பித்தளையால் ஆன 108 மாட்டுமுக வாய்கள், அவற்றிலிருந்து தலைக்கு மேல் விழும் தாரைகள். சுவரை ஒட்டிய கல்பாதையில் ஒரு முனையில் நுழைந்து குனிந்த தலையோடு மறுமுனை வரை போய்விட வேண்டும். மலைப்பனி உருகி வரும் நீர் என்பதால் மே மாதத்திலும் உறைய வைக்கும். முதல் தாரை உச்சியில் விழுந்ததும் மூச்சு தானாக உள்ளே இழுக்கும். பலர் அந்த நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடப் பார்க்கிறார்கள், தவறு அங்கேதான். காற்று குறைந்த உயரத்தில் மூச்சையும் அடக்கினால் பாதி வழியில் கண் இருட்டும். வாயால் மூச்சை வெளியே விட்டுக்கொண்டே நடங்கள், ஓட வேண்டாம், கல் வழுக்கும். பத்துப் பதினைந்து தாரைக்குப் பிறகு உச்சந்தலை வலி அடங்கி மரத்துப்போகும். குளிர் பழகிவிட்டது என்று நினைத்து அங்கேயே நின்றுவிடக் கூடாது.

இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் இந்த நீராட்டைத் தவிர்ப்பதே நல்லது. ஒவ்வொரு தாரையிலும் கையை நீட்டி நனைத்து, தலையில் தெளித்துக்கொண்டு போனால் போதும். அது குறைந்த ஸ்நானம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள், புரோக்ஷணமும் ஸ்நானம்தான். பிறகு சன்னிதிக்கு எதிரே இருக்கும் இரண்டு குண்டங்களிலும் முழுக்குப் போடுவது வழக்கம். தாரையைவிட இங்கேதான் உடம்பு அதிகம் நடுங்கும், ஏனென்றால் கழுத்துவரை நீரில் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு முழுக்கு, உடனே ஏறிவிட வேண்டும். துணைக்கு ஒருவர் காய்ந்த துண்டோடு கரையில் நிற்கட்டும். பருத்தி வேட்டியும் புடவையும் ஈரத்தை விடாது. காற்றில் அதோடு நின்றால் உடம்பு இன்னும் வேகமாகக் குளிரும். தலையை நன்றாகத் துவட்டி, கம்பளிக் குல்லா, காய்ந்த சாக்ஸ் போட்ட பிறகுதான் மற்றதெல்லாம். பிளாஸ்கில் வெந்நீர் வைத்திருப்பவர்களை அப்போது எல்லோரும் பொறாமையோடு பார்ப்பார்கள்.

உள்ளே ஸ்ரீதேவி பூதேவியோடு பெருமாள். பராமரிப்பில் பௌத்தத் துறவினிகளும் இருப்பார்கள். அவர்களுக்கு இந்த மூர்த்தி அவலோகிதேஸ்வரர். துளசி இந்தக் குளிரில் வளராது, கொண்டுபோக வேண்டும்.

பெரும்பாலான குழுக்கள் இதோடு இறங்கிவிடுகின்றன. கேட்டால் நேரமில்லை என்பார்கள், அது பௌத்த மடம்தானே என்பார்கள். அதே வளாகத்தில் சற்றுத் தள்ளி இருக்கிறது ஜ்வாலா மாயி. தலத்தின் மறுபாதி அது. அதைப் பார்க்காவிட்டால் மந்திர புஷ்பத்தில் ஒரு வரியை மட்டும் கேட்டுவிட்டுக் கிளம்பிய மாதிரி. அரை மணி நேரம் ஒதுக்கச் சொல்லி வழிகாட்டியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

திருவண்ணாமலை தீபத்தை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான். பீடத்தின் அடியில், திரைக்கும் கம்பி வலைக்கும் பின்னால், விரல் அளவு நீலச் சுடர். மண்டியிட்டு, தலையைத் தரையோடு சாய்த்துப் பார்க்க வேண்டும். வெளிச்சத்திலிருந்து வந்த கண்ணுக்கு முதலில் ஒன்றும் தெரியாது. அரை நிமிடம் பொறுத்தால் நீலம் தெரியும். பக்கத்திலேயே நீர் ஓடும் சத்தமும் கேட்கும். செல்போன் டார்ச்சை அடித்தால் சுடர் மறைந்துவிடும், பலர் அதைத்தான் செய்கிறார்கள்.

பூமிக்கடியிலிருந்து பாறை வெடிப்பு வழியே இயற்கை எரிவாயு வருகிறது. அதே வெடிப்புகளில் ஊற்றும் வருகிறது. வாயு நீரில் அதிகம் கரையாது, குமிழாக மேலேறிக் காற்றைத் தொடும் இடத்தில் எரிகிறது. சுடர் இருப்பது நீருக்கு மேல் என்பதால் நீர் அதை அணைப்பதில்லை. மண், கல், நீர் மூன்றிலும் நெருப்பு எரிந்ததாக மரபு சொல்லும். இன்று அவற்றில் சிலவே எரிகின்றன. பிரம்மா நீர்மேல் வேள்வித்தீ மூட்டினார் என்பது தலபுராணம். வாயு என்று தெரிந்த பிறகும் அந்தக் கதை பொய்த்துவிடுவதில்லை. யாரும் நெய் வார்க்காமல், திரி போடாமல் எரிகிற தீயை வேறு எப்படித்தான் சொல்வது?

நீர் பாவத்தைக் கழுவும், நெருப்பு எரிக்கும் என்று இரண்டையும் தனித்தனி வேலையாகச் சொல்வது வழக்கம். ஆண்டாள் அப்படிப் பிரிக்கவில்லை. ‘தூய பெருநீர் யமுனைத் துறைவனை’ என்று தொடக்கத்திலேயே நீரைச் சொல்லும் பாசுரமே ‘போய பிழையும் புகுதருவான் நின்றனவும் தீயினில் தூசாகும்’ என்று தீயில் முடிகிறது. நடுங்கும் உடம்போடு பெருமாளைச் சேவித்து, அதே நடுக்கத்தோடு சுடரின் முன் குனிவதுதான் இந்தத் தலத்துக்கு ஏற்ற வரிசை என்று தோன்றுகிறது. சுடரை முதலில் பார்த்துவிட்டுத் தாரைக்குப் போனால் அது வேடிக்கை பார்த்ததோடு நின்றுவிடும்.

மார்கழி, தையில் தாரைகளின் வாயில் பனி ஈட்டி ஈட்டியாகத் தொங்கும், சில வாய்கள் அடைத்தே போகும். கற்பாதையில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பனிப்படலம் படிந்திருக்கும்; இடுப்பு எலும்பு முறிவது இப்படித்தான். அந்த மாதங்களில் நீராட்டை மறந்துவிட்டுத் தரிசனம் மட்டும் செய்யலாம். பங்குனி முதல் வைகாசி வரையும், புரட்டாசி பிற்பாதி முதல் கார்த்திகை தொடக்கம் வரையும் ஏற்ற காலம். ஆவணி அவிட்டப் பௌர்ணமியில் உள்ளூர்க் கூட்டம் நிறைந்திருக்கும்.

பித்ரு காரியம் செய்ய வேண்டியவர்கள் இறங்கும் வழியில் கண்டகிக் கரையில் காக்பேனியில் செய்யலாம். அங்கும் காற்று மதியத்தில்தான் பலமாக அடிக்கும், பிண்டம் வைத்த இலை பறந்துவிடும், காலையிலேயே முடித்துவிடுங்கள். சாளக்கிராமக் கல் வாங்குவதானால், நத்தைச் சுருள்போன்ற சக்கரம் இயல்பாக அமைந்திருக்கிறதா, பசைபோட்டு ஒட்டியிருக்கிறதா என்று வெயிலில் பிடித்து, திருப்பிப் பார்த்து வாங்குங்கள்.