பூனைக்கு மணி

இதை லேப்டாப்பின் சொந்த கீபோர்டில் தட்டிக்கொண்டிருக்கிறேன். என்னுடையதை அப்பா எடுத்துக்கொண்டு போய்விட்டார். தெருவிளக்கு மனு. எத்தனையாவது என்று கேட்காதீர்கள், அவருக்கே ஃபைலைப் பார்த்தால்தான் தெரியும்.

போனது சாதாரண கீபோர்டு இல்லை. கார்னே. ஜப்பான்காரர் ஒருவர் வடிவமைத்து, வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டார். மொத்தம் 42 கீ, இரண்டு துண்டு, நடுவில் ஹெட்போன் ஒயர் மாதிரி ஒன்று. எண்களுக்கென்று வரிசை கிடையாது. மூடிகளில் எழுத்தும் கிடையாது, எழுத்து போட்டது விலை கூட. சேர்த்து முடித்த அன்று என் மனைவி தங்கமணி ஒரு பாதியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்து, "மீதி எப்ப வரும்?" என்றாள். இதுதான் மொத்தமும் என்றேன். அன்றிலிருந்து இதைப் பற்றி அவள் பேசுவதில்லை. பார்ப்பதோடு சரி. பேசினால்கூடத் தேவலை.

சால்டரிங் கதையைச் சொன்னால் இந்தப் பதிவு முடியாது. ரிச்சி தெருவுக்கு நான்கு நடை. ஒவ்வொரு கீக்கும் மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் டையோடு ஒன்று, ஆக 42. அதில் ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டதில் ஒரு வாரம் எனக்கு 'கே' என்ற எழுத்தே இல்லை. ஆபீஸில் யாருக்கும் 'ஓகே' சொல்ல முடியாததால் அந்த வாரம் கூடுதல் வேலை எதுவும் தலையில் விழவில்லை. டையோடைச் சரி செய்திருக்கவே கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

பற்றவைத்ததும் கீபோர்டு ஆகிவிடாது. உள்ளே இருக்கும் சில்லுக்கு, எந்த இடத்தில் விரல் பட்டால் கம்ப்யூட்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நாமே எழுதி ஏற்ற வேண்டும். அதற்குத்தான் க்யூஎம்கே. ஜுன் வாகோ எழுதிய டிஎம்கே என்ற ஃபர்ம்வேரிலிருந்து ஜாக் ஹம்பர்ட் கிளை பிரித்து வளர்த்தது. இப்போது ஊர் உலகத்தில் உள்ளவர்களெல்லாம் சேர்ந்து இலவசமாகப் பராமரிக்கிறார்கள். விரித்துச் சொன்னால் குவாண்டம் மெக்கானிகல் கீபோர்டு. இதை அம்மாவிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாளே எதிர் வீட்டு மாமி வந்து, "குவாண்டம் மெக்கானிக்ஸ் பண்றியாமே, பேரனுக்கு பிளஸ் டூ பிசிக்ஸ் கொஞ்சம் சொல்லிக்குடேன்" என்று நின்றார். இரண்டு ஞாயிற்றுக்கிழமை சொல்லிக்கொடுத்தேன். பையன் இப்போது காமர்ஸுக்கு மாறலாமா என்று கேட்கிறானாம்.

சரி, சில்லு. அதில் மொத்தமே 32 கேபி இடம். அதிலும் 4 கேபியை, நாம் எழுதியதை உள்ளே ஏற்றிவிடும் பூட்லோடர் முன்கூட்டியே துண்டு போட்டு வைத்திருக்கும். நமக்கு மிச்சம் 28,672 பைட். பெரியப்பா காலையில் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூ இதைவிடப் பல மடங்கு பெரிது. இந்த இடத்துக்குள் 42 கீயும், ஒரே கீயை வேறு வேறு எழுத்தாக்கும் அடுக்குகளும், குட்டித் திரை ஒன்றும் குடியிருக்க வேண்டும்.

அந்தத் திரையில்தான் பாப்பாவின் பூனை. 128 புள்ளி நீளம், 32 புள்ளி உயரம். கட்டம் போட்ட நோட்டில் புள்ளி எண்ணி அவளே வரைந்தது. நான் சும்மா உட்கார்ந்த பூனை ஒன்று போதும் என்றேன். வாலாட்டாத பூனை செத்த பூனை என்றாள். ஒரு படத்துக்கு 512 பைட், வாலாட்ட ஐந்து படம், ஆக 2,560. எழுதியதைச் சில்லுக்குப் புரிகிற மாதிரி மாற்ற, அதாவது கம்பைல் செய்தால், சிவப்பு எழுத்தில் வருகிறது: ஃபர்ம்வேர் ரொம்பப் பெரிது, 282 பைட் அதிகம். கல்யாண மண்டபத்தில் கடைசிப் பந்திக்கு இரண்டு பேர் கூடுதலாக வந்து நின்ற மாதிரி.

எதை வெளியே அனுப்புவது என்று வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. பூனை போகக் கூடாது என்பதில் பாப்பாவும், பூனை என்ற ஒன்று இருக்கிறதா என்பதில் தங்கமணியும் உறுதியாக இருந்தார்கள். கடைசியில் ரூல்ஸ் ஃபைலில் 'எல்டிஓ எனேபிள்' என்று ஒரு வரி சேர்த்தேன். கம்பைலர் தேவையில்லாததையெல்லாம் கூட்டிப் பெருக்கித் தள்ளியது, பூனை உள்ளே வந்துவிட்டது. கம்பைலுக்கு இரட்டிப்பு நேரம் ஆகிறது. ஆகட்டும்.

ஏற்றுவது தனிச் சடங்கு. டெர்மினலில் கட்டளையைக் கொடுத்தால் அது 'இப்போது ரீசெட் செய்' என்று புள்ளி புள்ளியாகப் போட்டுக்கொண்டு காத்திருக்கும். போர்டின் இரண்டு ஓட்டைகளை உலோகத்தால் டக் டக் என்று இரண்டு முறை இணைக்க வேண்டும். எட்டே செகண்டுதான் கதவு திறந்திருக்கும். அதற்குள் ஏறாவிட்டால் மறுபடி முதலிலிருந்து. உலோகத்துக்கு எங்கே போவது? தங்கமணியின் புருவம் திருத்தும் இடுக்கி. இந்த வரியை அவள் படிக்க மாட்டாள் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். இரண்டு பாதிக்கும் தனித்தனியே ஏற்ற வேண்டும் என்பதால் இடுக்கிக்கு நல்ல வேலை.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் இன்று நிம்மதியாக இருந்திருப்பேன். 'ஹோம் ரோ மாட்ஸ்' என்ற ஒன்றைப் படித்துத் தொலைத்தேன். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் எல்லாம் ஓரத்தில் எதற்கு, விரல் இருக்கும் நடு வரிசையிலேயே ஒளித்து வைக்கலாம். 'ஏ'யைத் தட்டினால் ஏ, அழுத்திப் பிடித்தால் விண்டோஸ் கீ. 'எஸ்' ஆல்ட், 'டி' கன்ட்ரோல், 'எஃப்' ஷிஃப்ட். தட்டலா பிடித்தலா என்று முடிவு செய்ய சில்லுக்கு நாம் ஒரு கெடு கொடுக்கிறோம். சாதாரணமாக 200 மில்லிசெகண்டு. எனக்கு அவசரம். கெடு முடியும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், இன்னொரு கீ விழுந்த கணமே பிடித்ததாக வைத்துக்கொள் என்று ஒரு வரி சேர்த்தேன்.

திங்கட்கிழமை ஆபீஸ். மேனேஜருக்கு மெயில். 'சேலரி' என்று அடிக்கிறேன், திரை பூட்டிக்கொண்டது. பாஸ்வேர்டு போட்டு உள்ளே வந்து மறுபடி 'சேலரி'. மறுபடி பூட்டு. வேகமாக அடிக்கும்போது 'ஏ'யிலிருந்து விரல் முழுசாக எழுவதற்குள் 'எல்' விழுந்துவிடுகிறது. சில்லு அதை விண்டோஸும் எல்லும் என்று எடுத்துக்கொள்கிறது. அது திரையைப் பூட்டும் கட்டளை. சம்பளப் பேச்சை எடுத்தால் கதவைச் சாத்தும் வழக்கம் ஆபீஸுக்கு ஏற்கெனவே உண்டு என்பதால் முதலில் சந்தேகம் வரவில்லை. 'ஆல்ஸோ' என்று அடித்தபோதும் பூட்டியதும்தான் புரிந்தது. 'ஹார்ட்வேர்' இன்னும் மோசம். ஆங்கிலத்தில் அதன் நடுவில் 'டி', அடுத்து 'டபிள்யூ'. கன்ட்ரோல் டபிள்யூ. எழுதிக்கொண்டிருந்த டேபே மூடிக்கொண்டது. ஹார்ட்வேர் சரியில்லை என்று இந்த ஹார்ட்வேரைக் கொண்டு எழுதவே முடியாது என்பதைக் கவனியுங்கள்.

பிறகு மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக இதே வேலை. 200 வேண்டாம் 180, வேண்டாம் 175, சுண்டு விரல் சோம்பேறி அதற்கு மட்டும் 220. 'கார்டல் ஹோல்டு' என்று ஒரு வசதி இருக்கிறது, ஒரே கையின் இரண்டு கீகளைச் சேர்த்துத் தொட்டால் அது தட்டல்தான் என்று கொள்ளும். அதைப் போட்டதும் ஹார்ட்வேர் பிழைத்தது. 'ஏ' இடது கை, 'எல்' வலது கை என்பதால் சேலரி பிழைக்கவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் கம்பைல், இடுக்கி, எட்டு செகண்டு, இடது பாதி, வலது பாதி. "இன்னும் சம்பளம் வரலையா?" என்று ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் தங்கமணி கேட்டதுதான் அந்த மூன்று வாரத்தில் அவள் சொன்ன ஒரே வாக்கியம்.

இன்று காலை. ஹால் டெஸ்க்டாப்பின் கீபோர்டில் பாப்பா பூஸ்ட் கொட்டிவிட்டாள். அப்பாவுக்கு மனு அவசரம், ஆபீசர் திங்கட்கிழமைதான் இருப்பாராம். "உன்னோடதைக் குடு."

"ப்பா, அது உங்களுக்கு வராது. எழுத்தே இருக்காது."

"எழுத்தைப் பாத்து அடிக்கிறவன் ஃபெயிலு." அப்பா 1974-இல் டைப்ரைட்டிங் ஹையர். அதை அவர் யாரிடமும் சொல்லிக்கொள்வதில்லை என்று நீங்கள் நினைத்தால் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை என்று அர்த்தம்.

"நம்பர் எங்கடா?"

"அடியில இருக்குப்பா." கீபோர்டைக் கவிழ்த்துப் பார்த்தார். "இல்லப்பா, கட்டை விரலால இதைப் பிடிச்சுக்கிட்டா மேல் வரிசை நம்பர் ஆயிடும். மாடி மாதிரி."

"வேண்டாம். எங்க ரெமிங்டன்ல ஒண்ணே கிடையாது. சின்ன எல் அடிப்போம்." அதற்குமேல் என்ன சொல்வது? எங்கள் கதவு எண் பதினொன்று. இரண்டு சின்ன எல்லாக உட்கார்ந்தது. தேதியைப் பேனாவால் போட்டுக்கொள்கிறாராம்.

முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். இரண்டு துண்டையும் தோள் அகலத்துக்கு நகர்த்திவைத்தார். ஆறு வீடியோ பார்த்து நான் கற்றுக்கொண்ட இடைவெளி அது. ஒருமுறை 'ஏஎஸ்டிஎஃப்ஜிஎஃப்' ஓட்டிப் பார்த்தார், பிறகு 'செமிகோலன் எல்கேஜேஹெச்ஜே'. ஆரம்பித்துவிட்டார்.

நான் பக்கத்தில் நின்று 'பி'க்காக (B) காத்திருந்தேன். எனக்கு எப்போதும் அதை வலது கையால் அடித்துப் பழக்கம். இந்தக் கீபோர்டில் 'பி' இடது பாதியில் இருப்பதால் முதல் பத்து நாள் மேஜையைத்தான் தட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவின் இடது ஆள்காட்டி விரல் போய்த் தொட்டுவிட்டு வந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "பி இடது கைடா. எந்த இன்ஸ்டிட்யூட்ல படிச்ச?" என்றார். எங்கும் படிக்கவில்லை என்றேன். "அதான்."

அடுத்த வரி 'ஐ ஆல்ஸோ விஷ் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டீஸ்'. அவருடைய எல்லா மனுவிலும் வரும் வரி. 'ஆல்ஸோ' வருகிறது, பூட்டப் போகிறது, இவர் கத்தப் போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பூட்டவில்லை. தாண்டிப் போய்விட்டார். அடுத்த பத்தியில் மறுபடி ஒரு 'ஆல்ஸோ'. அதுவும் தாண்டியது.

விரலைக் குனிந்து பார்த்தேன். சுட்ட பாத்திரத்தைத் தொட்டமாதிரி தொட்டதும் எழுகிறது. ஒன்று முழுசாக எழுந்த பிறகுதான் அடுத்தது இறங்குகிறது. கேட்டதற்கு, "ரெண்டையும் சேத்து அமுத்தினா ரெண்டு கம்பியும் மேல போய்க் கோத்துக்கும். மாஸ்டர் வந்து விரல் மேலயே ஸ்கேலால போடுவார்" என்றார். எனக்குக் கம்ப்யூட்டரில் கோத்துக்கொள்ள கம்பி இல்லை, போட மாஸ்டரும் இல்லை.

ஒரு பக்கம் முடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்து தீர்ப்பு சொன்னார். "நல்லாத்தான் இருக்கு. மணிதான் இல்லை."

வரி முடியப் போகிறது என்று மிஷினில் டிங் என்று அடிக்குமே, அந்த மணி. கீபோர்டுக்கு வரி எங்கே முடிகிறது என்றெல்லாம் தெரியாது, அது என்ன அழுத்தினோம் என்பதை மட்டும்தான் சொல்லும் என்று விளக்கப் பார்த்தேன். "எண்ணச் சொல்லேன். அம்பத்தஞ்சு எழுத்து எண்ணத் தெரியாதா?" தெரியும். அதுதான் பிரச்சினை. சில்லின் ஓரத்தில் ஓரிரண்டு கால்கள் சும்மாதான் இருக்கின்றன, பஸ்ஸர் ஒன்று டப்பாவில் கிடக்கிறது. ஆடியோவை இயக்கி, எண்ணிக்கைக்கு நாலு வரி எழுதிக் கம்பைல் கொடுத்தேன்.

2,306 பைட் அதிகம்.

பாப்பாவைப் பார்த்தேன். அவளுக்கு இந்தப் பார்வை பழக்கம். பூனை முழுசாகப் போக வேண்டாம், வாலாட்டாமல் சும்மா உட்காரட்டும் என்றேன். தாத்தாவுக்காக என்று நீண்ட யோசனைக்குப் பிறகு ஒப்புக்கொண்டாள். நான்கு படத்தை எடுத்தேன், 2,048 மிச்சம். இன்னும் 258 அதிகம். மெளஸ் கீகளை எடுக்கலாமா, எதை எடுக்கலாம் என்று நான் ஃபைலுக்குள் தலையை விட்டிருந்தபோது ஹாலிலிருந்து சத்தம்.

"டிங்!"

எட்டிப் பார்த்தேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். குட்டித் திரையில் பூனை பழையபடி வாலாட்டிக்கொண்டிருந்தது.

"லேட்டும்மா," என்றார் அப்பா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "வரி முடியறதுக்கு முன்னாடியே அடிக்கணும்."