காமடோர் 64-இல் கருப்புத் திரை: எங்கே தொடங்குவது

காமடோர் 64-ஐப் பழுது பார்க்க உட்காருபவர் அதிகம் பார்க்கும் காட்சி இதுதான்: சிவப்பு விளக்கு எரியும், திரை கருப்பாகவே நிற்கும். 1982 முதல் 1994 வரை விற்ற வீட்டுக் கணினி இது. இப்போது கிடைப்பவற்றில் இளையதற்கே முப்பது வயது தாண்டிவிட்டது. எரிச்சல் எங்கே வருகிறது என்றால், ரேம், பிஎல்ஏ (எந்த முகவரிக்கு எந்த ஐசி பதில் சொல்ல வேண்டும் என்று பிரித்துவிடும் ஐசி), சிபியு, கர்னல் ரோம் (இயந்திரத்தை எழுப்பும் அடிப்படை நிரல் இருக்கும் ஐசி), எது போனாலும் முகம் ஒன்றுதான். உடனே கைக்கு எட்டிய ஐசியைக் கழற்ற ஆரம்பிக்கிறார்கள். இருந்த கோளாறோடு பிய்ந்த டிராக் ஒன்றும் சேர்ந்துகொள்கிறது.

முதலில் அடாப்டர். அதைச் சோதிக்காமல் போர்டில் செருகவே செருகாதீர்கள். ரெசினில் புதைத்த அந்தக் கட்டிக்குள் இருக்கும் 5 வோல்ட் ரெகுலேட்டருக்குச் சூடு வெளியேற வழியில்லை. அது ஷார்ட் ஆகிப் போனால் கூடுதல் வோல்டேஜ் நேராக ரேமுக்கும் பிஎல்ஏவுக்கும் போய்விடும். ஏழு பின் பிளக்கில் 5-க்கும் 2-க்கும் இடையே 5 வோல்ட் டிசி, 6-க்கும் 7-க்கும் இடையே 9 வோல்ட் ஏசி வர வேண்டும். பின் எண்கள் வட்டத்தில் வரிசையாக இருக்காது, படத்தைப் பார்த்து அளவிடுங்கள். லோடு இல்லாமல் சரியாகக் காட்டிவிட்டுச் சூடேறியதும் எகிறும் அடாப்டர்கள் உண்டு. 5 ஓம், 10 வாட் ரெசிஸ்டரை 5 வோல்ட் லைனில் போட்டால் 1 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரம் ஓடவிட்டு மீட்டரைப் பாருங்கள். 5.25-ஐத் தாண்டினால் அந்த அடாப்டர் குப்பைக்குத்தான். பழமையாக இருக்கிறதே என்று வைத்துக்கொள்ள ஆசை வரும், வேண்டாம்.

அடுத்து டிவியைக் கவனியுங்கள். 'சிக்னல் இல்லை' என்கிறதா, சிக்னல் வந்தும் கருப்பா? இரண்டும் வேறு. பழைய நீள போர்டுகளில் சிவப்பு விளக்குக்கு மின்சாரம் 5 வோல்ட் லைனிலிருந்து வருகிறது. படம் போடும் விக் ஐசிக்கும் கிளாக் சர்க்யூட்டுக்கும் 9 வோல்ட் ஏசியிலிருந்து போர்டிலேயே தனியாகத் தயாராகிறது. ஆக, விளக்கு எரிவதை வைத்து மின்சாரம் முழுதாக வருகிறது என்று சொல்ல முடியாது. சிக்னலே இல்லையென்றால் போர்டில் இருக்கும் 1.5 ஆம்பியர் ஃப்யூஸையும், பிறகு 7805, 7812 ரெகுலேட்டர்களின் வெளியீட்டையும் பாருங்கள். சிக்னலோடு கருப்பு என்றால் விக் பெரும்பாலும் உயிரோடு இருக்கிறது. 6510 சிபியுவின் 40-ஆம் கால் ஆன் செய்ததும் அரை விநாடி தாழ்ந்திருந்து 5 வோல்ட்டுக்கு ஏற வேண்டும். அது ரீசெட் லைன்.

சாக்கெட்டில் இருக்கும் ஐசிகளை மின்சாரம் துண்டித்துவிட்டு ஒருமுறை கழற்றி அழுத்திச் செருகுங்கள். சிட் ஒலி ஐசி இல்லாமலும் இயந்திரம் எழும், அதனால் அதை எடுத்துவிட்டே சோதிக்கலாம்.

இந்தக் கட்டத்தில் டெட் டெஸ்ட் கார்ட்ரிட்ஜ் (இயந்திரத்தின் பின்னால் செருகும் சோதனை நிரல்) இல்லாமல் வேலை செய்வது வீண் சிரமம். கர்னல் ரோமைத் தொடாமலே அது ஓடும். ரேம் கெட்டிருந்தால் திரை மின்னும், எத்தனை முறை மின்னுகிறது என்பதே எந்த ரேம் என்று சொல்லும். கார்ட்ரிட்ஜும் கருப்பிலேயே நின்றால் சந்தேகம் பிஎல்ஏ மீதும் சிபியு மீதும் போகிறது. கார்ட்ரிட்ஜ் நன்றாக ஓடி, அதை எடுத்ததும் கருப்பு என்றால் முதலில் 901227 கர்னல் ரோமைச் சந்தேகியுங்கள். பிஎல்ஏ அதிகம் சூடாகும், அதிகம் சாகும். ஜிஏஎல் (நிரல் ஏற்றிக்கொள்ளும் லாஜிக் ஐசி) வைத்த மாற்றுப் பலகைகள் கிடைக்கின்றன.

ரேம் மாற்றுவதுதான் பொறுமையைச் சோதிக்கும் இடம். 250407, 250425 போர்டுகளில் எட்டு 4164 ஐசிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு பைட்டிலும் ஒரு பிட்டை வைத்திருக்கும். ஒன்று முழுதாகச் செத்தால் ஜீரோ பேஜும் (ரேமின் முதல் 256 பைட்) ஸ்டாக்கும் (சிபியு திரும்பி வரும் முகவரிகளை வைக்கும் இடம்) கெட்டு, கர்னல் இரண்டடி எடுத்து வைக்கக்கூட வழியில்லை. எம்டி 4264 என்று அச்சிட்டவை இருந்தால் முதலில் அவற்றைச் சந்தேகியுங்கள். நல்ல ஐசி ஒன்றைக் கால் பொருந்த மேலே ஏற்றி வைத்துப் பார்க்கும் தந்திரம், கெட்டது ஷார்ட் ஆகாமல் இருந்தால் மட்டுமே பலிக்கும். இன்னொன்று: 4164-இல் 8-ஆம் கால்தான் 5 வோல்ட், 16 கிரவுண்ட். சாதாரண லாஜிக் ஐசிகளுக்கு நேர் தலைகீழ். பழக்க தோஷத்தில் மாற்றி அளந்துவிடாதீர்கள்.

கழற்றும்போது ஐசியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள், போர்டைக் காப்பாற்றுங்கள். உடம்போடு ஒட்டி 16 கால்களையும் கட்டரால் நறுக்கிவிட்டு, ஒவ்வொரு காலையும் தனியாக எடுங்கள். ஃப்ளக்ஸ் தடவி, புது ஈயம் கொஞ்சம் சேர்த்து, அயர்ன் 350 டிகிரியில் வைத்தால் கால் வழுக்கிக்கொண்டு வரும். கிரவுண்ட் கால் மட்டும் முரண்டு பிடிக்கும், ஏனென்றால் அகலமான செம்புப் பரப்பு சூட்டைக் குடித்துவிடுகிறது. அங்கே இழுக்காதீர்கள், இன்னும் மூன்று விநாடி கொடுங்கள். துளை சுத்தமானதும் தரமான சாக்கெட் ஒன்றைப் பொருத்துங்கள், அடுத்த முறை இந்த வேலையே இருக்காது.

நீலத் திரை வந்ததும் முதல் பார்வை அந்த எண் மீது போகட்டும்: 38911 பேசிக் பைட்ஸ் ஃப்ரீ. கர்னல் 1024-ஆம் முகவரியிலிருந்து ஒவ்வொரு பைட்டாக எழுதிப் படித்துக்கொண்டே மேலே போகிறது. 40960-இல் பேசிக் ரோம் இருப்பதால் எழுதியதும் படித்ததும் பொருந்தாது, சோதனை அங்கே நின்றுவிடுகிறது. பேசிக் நிரல் 2049-இல் தொடங்குவதால் மிச்சம் 38911. எண் குறைந்திருந்தால் அதோடு 2049-ஐக் கூட்டுங்கள், ரேம் எந்த முகவரியில் தவறியது என்று கிடைத்துவிடும். செத்துக் கிடந்த இயந்திரம் எழுந்த உடனே தன் வலி எங்கே என்று சொல்வதைப் பார்க்கும் சந்தோஷத்துக்காகவே இத்தனை பாடும் படலாம். ரோமுக்கு அடியில் இருக்கும் ரேமை இந்தச் சோதனை தொடுவதில்லை. அதனால் மேல் மூடியைப் போட்டு, உள்ளே சூடேறும்படி இரண்டு மணி நேரம் டயக்னாஸ்டிக் கார்ட்ரிட்ஜைச் சுற்றவிட்ட பிறகே திருகுகளை முடுக்குங்கள்.